வலது பக்கம் பாருங்க

அத்தியாயம் 5

ஏரியில் விழுந்த விமானத்தின் டாங்குக்குள் தண்ணீர் இருந்தது என்று சொல்லி ஒரு மெக்கானிக்கை ஜெயிலில் தள்ளியிருந்தார்கள்.

நான் கிண்டல் பண்ணவில்லை. போலீஸ் சொன்ன காரணமே அதுதான். கேப்டன் நீந்திக் கரையேறியதும் சொட்டச் சொட்ட நின்று சொன்ன முதல் வார்த்தை, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. மெக்கானிக் வேலை." அதற்கப்புறம்தான் விமானத்தை இழுத்துக் கரையில் போட்டு டாங்கைத் திறந்தார்கள். தண்ணீர் இருந்தது. மீன் இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம்.

கேப்டன் என்றதும் கப்பலையோ பட்டாளத்தையோ நினைத்துவிடாதீர்கள். அவர் டைல்ஸ் கம்பெனி முதலாளி. நாலு பேர் உட்காரும் சொந்த விமானம் ஒன்று வைத்திருந்தார், ஓட்டுவதற்கு லைசென்ஸும் வைத்திருந்தார். அதற்காக ஊரே அவரைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. அன்று அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. கேப்டனுக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்டரோடு போயிற்று. தம்பி பிழைக்கவில்லை.

எங்களைத் தேடி வந்தவர் கேப்டனின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் துப்பறியும் ஆபீஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையைச் சதுரமாக மடித்து, அதை இன்னும் சின்னச் சதுரமாக மடித்துக்கொண்டே பேசினார். அழவில்லை.

"அந்த மெக்கானிக் செஞ்சானான்னு நான் கேக்கல. ஏன் செஞ்சான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

நாளைக் காலையில் மெக்கானிக்கின் ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது. விபத்துக்கு முந்தின வாரம் அவன் கேப்டன் வீட்டு வாசலில் நின்று, "ஒருநாள் இந்த விமானமே உங்களுக்குப் பதில் சொல்லும்" என்று கத்தியதை டீச்சர் காதால் கேட்டிருக்கிறார். அதைக் கூண்டில் ஏறிச் சொன்னால் ஜாமீன் கிடையாது. விபத்து கொலைக் கேஸாகிவிடும்.

"நான் வாயைத் திறந்தா அவன் வாழ்க்கை முடிஞ்சுது. அது எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர். "அதனாலதான் காரணம் தெரிஞ்சாகணும். விடை மட்டும் எழுதினா நான் மார்க் போட மாட்டேன். வழியையும் காட்டணும்."

என் முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான். நேரில் 'சார்'. அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் வாயாடி. அதை அவர் நேரிலேயே சொல்வார், வாடிக்கையாளர் முன்னாலும் சொல்வார்.

டீச்சர் கிளம்பியதும் முதல் வேலையாக ஜெயிலுக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே மெக்கானிக்கின் மனைவி ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பையில் துவைத்து மடித்த சட்டைகள். உள்ளே வாங்க மாட்டேன் என்கிறார்களாம். வாங்கும் வரைக்கும் நிற்கப் போகிறாளாம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகவில்லை.

"ஏன் கத்துனே?" என்றார் சார்.

"வேற என்ன சார் பண்றது? எஞ்சின் நிக்கிற ஒவ்வொரு தடவையும் கைதட்டல் அவருக்கு, திட்டு எனக்கு. பிரிச்சுப் பாத்தா ஒரு கோளாறும் இருக்காது. அன்னைக்கு விருந்தாளிங்க முன்னாடி, 'இவன் தொட்டா மாவு மெஷின்கூட ஓடாது'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. வயிறு எரிஞ்சுது. கத்திட்டேன்."

"அடிக்கடி நிக்குமா?"

"யாரையாவது புதுசாக் கூட்டிட்டுப் போனா நிக்கும் சார். அவர் தனியாப் போனா ஒருநாளும் நின்னதில்ல. ஆள் ஏறுறதால எடை கூடி எதாச்சும் ஆகுதோ என்னவோன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஒண்ணும் பிடிபடல."

சார் எழுந்துவிட்டார். அவருக்கு ஏதாவது பிடிபட்டால் நாற்காலி சுடும் போலிருக்கிறது.  வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னார்.

"ஆள் பாத்து நிக்கிற எஞ்சின்."

"நம்ம ஆபீஸ் லிஃப்ட்டும் அப்படித்தான் சார். உங்களைக் கண்டா நின்னுடுது."

"கேப்டன் கூடப் பறந்தவங்க ரெண்டு பேர் வேணும், வாயாடி."

கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இல்லை. சாவிலிருந்து தப்பியவர்கள் அதை மூடி வைத்துக்கொள்ள மாட்டார்கள். டீக்கடையில் கேட்டதும் பல் டாக்டரைக் கை காட்டிவிட்டார்கள். அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் யாருக்கும் பல் பிடுங்குவதில்லையாம்.

நாங்கள் போனபோதும் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். படுத்திருந்தவரின் கண் ஊசியைவிட்டு நகரவில்லை.

"செத்துப் பிழைச்சேன் சார். மேல போறோம், ஜோராப் போயிட்டிருக்கு. திடீர்னு எஞ்சின் கப்புனு நின்னுடுச்சு. காத்துச் சத்தம் மட்டும் கேக்குது. எனக்குக் கை கால் ஓடல. என் பொண்ணு முகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அந்த மனுஷன் அசரணுமே. எதையோ திருப்பினார், எதையோ அழுத்தினார், எஞ்சின் ஓட ஆரம்பிச்சுடுச்சு. அன்னையிலேர்ந்து அவர்தான் எனக்குச் சாமி மாதிரி. எங்க பாத்தாலும் எழுந்து நிப்பேன்."

"எஞ்சின் நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றார் சார்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவர் கதையில் அந்த இடமே கிடையாது. "என்ன பாத்தேன்... ஆங், இந்தக் கட்டடத்தைத்தான். 'வலது பக்கம் பாருங்க டாக்டர், உங்க போர்டு தெரியுது'ன்னார். எட்டிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"'பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல'ன்னார். நின்னுடுச்சு."

"நின்னதுக்கு அப்புறம் சொன்னாரா, சொன்னதுக்கு அப்புறம் நின்னுச்சா?"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "சொன்னார். அப்புறம்தான் நின்னுச்சு. என்னா காது பாருங்க சார் அவருக்கு. எனக்குச் சத்தம் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அவருக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு."

படுத்திருந்தவர் "ஆ... ஆ..." என்றார். பிளந்த வாய் வலிக்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று அர்த்தம். நாங்கள் கிளம்பினோம்.

"வாயைத் திறந்து வெச்சிருக்கிறவர் பேச முடியல, மூட வேண்டியவர் மூட மாட்டேங்கறார்" என்றேன் படியில் இறங்கும்போது. சார் சிரிக்கவில்லை. வழக்கம்தான்.

இரண்டாவது ஆள் மாட்டு டாக்டர். அவர் ஊருக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் இருந்தார். முழங்கை வரை உறை மாட்டிய கையைப் பசுவின் பின்பக்கம் உள்ளே விட்டுக்கொண்டு, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிப் பேசினார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத பெண். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"கேப்டனா? கூட்டிட்டுப் போனார். எஞ்சின் நின்னுச்சு. இறங்கினோம். இறங்கின இடத்துலயே, 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேட்டார். முடியாதுன்னுட்டேன். அவருக்கு அப்போ கல்யாணம் ஆகல."

"ஏன் முடியாதுன்னீங்க?" இது நான். சார் இந்த மாதிரி நல்ல கேள்வியெல்லாம் கேட்க மாட்டார்.

"எனக்கு முட்டி நடுங்குது, நிக்க முடியல. அந்த ஆள் முகத்தைப் பாத்தேன். சாவுலேர்ந்து தப்பிச்ச முகமா இல்ல. போட்டியில கப்பு வாங்கினவன் முகம். அது எனக்கு ஒத்து வரல."

"எஞ்சின் நிக்கிறதுக்கு முன்னாடி உங்களை எங்கயாவது பாக்கச் சொன்னாரா?" என்றார் சார்.

"சொன்னார். வலது பக்கம், இந்தப் பண்ணை தெரியுதாம். யார் பாத்தா? எனக்கு ஏறினதுலேர்ந்து குமட்டல். பைக்குள்ள தலைய விட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். தரைதான் தெரிஞ்சுது." கை பசுவுக்குள் எதையோ தேடிப்பிடித்து நின்றது. "ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, தரையில ஒரு சிவப்பு லீவர் இருக்கும். அவர் கை அந்த லீவரைத் திருப்பிச்சு. அப்புறம் 'பயப்படாதே'ன்னார். அதுக்கப்புறம்தான் எஞ்சின் நின்னுச்சு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். எங்க வீட்லயே சிரிச்சாங்க. வாந்தி எடுத்துக்கிட்டுக் குனிஞ்சிருந்தவ சொல்றதை யார் நம்புவாங்க? கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. காப்பாத்தத்தான் திருப்பினார், நாமதான் முன்னபின்ன நினைக்கிறோம்னு விட்டுட்டேன்." கையை வெளியே எடுத்து உறையைக் கழற்றினார். "விட்டிருக்கக் கூடாது, இல்ல?"

  அந்தப் பெண் குழாயைத் திறந்துவிட்டுக் கையை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராக விமானப் பயிற்சி மையம். ஒரு ரன்வே, பக்கத்தில் பளபளக்கும் புதுக் கூரை போட்ட ஷெட், உள்ளே கேப்டனுடையதைப் போலவே நாலு சீட்டு விமானம் ஒன்று. பயிற்சி கொடுப்பவர் கிராப் வெட்டிய ஓர் அம்மாள், வாயில் எப்போதும் பெப்பர்மின்ட். சார் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். அந்த அம்மாள் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை எடுத்துவந்தார்.

"வாயாடி, முன் சீட்டுல ஏறு" என்றார் சார்.

"நானா? எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும் சார். நீங்க பாருங்க, நான் கீழே நின்னு கையாட்டறேன்."

"ஏறு."

ஏறினேன். அம்மாள் இடது சீட்டில். சார் பின்னால். கதவைச் சாத்தியபோது பிஸ்கட் டப்பாவை மூடுவது போல் ஒரு சத்தம் வந்தது. அந்தக் கதவை நம்பித்தான் மேலே போகப் போகிறோம். காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தார்கள். ரன்வே முடிவதற்குள் சக்கரம் தரையை விட்டது. என் உயிர் அதற்கு முன்பே விட்டிருந்தது.

ரொம்ப உயரத்துக்குப் போனோம். ஊர் சின்னதாகிக்கொண்டே வந்தது. எஞ்சின் ஒரே சீராக இரைந்தது. மெல்ல மெல்ல எனக்கும் தைரியம் வந்து, ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பிக்கூட உட்கார்ந்தேன்.

"வாயாடி, வலது பக்கம் பாரு. நம்ம ஆபீஸ் தெரியுது" என்றார் சார் காதுக்குள்.

பார்த்தேன். தெரிந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியே இல்லை. வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று.

"பயப்படாதே. நான் இருக்கேன்ல."

சாருக்குக் காய்ச்சலோ என்று நினைத்தேன். இந்த மாதிரியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை அவர். "எதுக்கு சார் நான் பயப்படணும்? நல்லாத்தானே..."

எஞ்சின் நின்றது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் விசிறி வெறும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. இறக்கையில் காற்று உரசும் சத்தம் கேட்டது. விமானத்தின் மூக்கு மெதுவாகக் கீழே சாய, கண்ணாடி முழுக்க வானம் இருந்த இடத்தில் தரை வந்தது. கத்த வேண்டும் என்று நினைக்கிறேன், குரல் வரவில்லை. என்னை வாயாடி என்று கூப்பிடுகிறவருக்கு அன்று நல்ல விருந்து. என் கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் அவர் என்ன கேட்டிருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பேன். அது மட்டும் நிச்சயம்.

அம்மாள் என் கையை விலக்கிவிட்டுத் தரையில் இருந்த சிவப்பு லீவரைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, திக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது.

"ரன்வேக்கு நேர் மேலதான் இருக்கோம் கண்ணு" என்றார். "நின்னே போயிருந்தாலும் இறக்கியிருப்பேன்."

"பெட்ரோல் லீவரை மூடினப்புறமும் ஓடிச்சே" என்றார் சார் பின்னாலிருந்து.

"குழாயில மிச்சம் இருக்கிற பெட்ரோல்ல கொஞ்ச நேரம் ஓடும். காஸ் சிலிண்டரை மூடினாலும் அடுப்பு உடனே அணையாது, இல்ல? அது மாதிரிதான்."

"மறுபடி திறந்தா?"

"உடனே பிடிக்காது. மூச்சு வாங்கும். அது வரைக்கும் விமானம் இறங்கிட்டே இருக்கும். அதனாலதான் இந்த விளையாட்டுக்கு உயரம் வேணும்." பெப்பர்மின்ட்டைக் கடித்தார். "விபத்து நடந்த அன்னைக்கு மேகம் தலைக்கு மேலேயே தொங்கிச்சு, உயரப் போகவே முடியாது. நான் ஒரு பிள்ளையையும் பறக்க விடல. கேப்டன் கிளம்பினார்."

கீழே இறங்கினோம். எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

அவர் அண்ணாந்து ஷெட்டின் புதுக் கூரையைப் பார்த்தார். "இது யார் போட்டுக் கொடுத்ததுன்னு நினைக்கிறே? இதுக்குக் கீழ நிக்கிற யாரும் பேச மாட்டோம். மெக்கானிக்கும் இதுக்குக் கீழதான் வேலை செஞ்சான்."

 காரில் பாதி வழி வந்ததும்தான் நான் வாய் திறந்தேன். "அடுத்த தடவை சொல்லிட்டுச் செய்யுங்க."

"சொல்லியிருந்தா நீ 'எதுக்கு பயப்படணும்'னு கேட்டிருக்க மாட்டே."

"சரி. அந்த ஆள் ஊரையே பயமுறுத்திக் கும்பிட வெச்சிருக்கார். ஆனா அன்னைக்கும் அதையேதான் செஞ்சார்னு எப்படிச் சொல்றது? உள்ள இருந்தது ரெண்டு பேர். ஒருத்தர் சொல்ல மாட்டார். இன்னொருத்தன் செத்துட்டான். அவன் எழுந்து வந்து சொன்னாத்தான் உண்டு."

சார் வண்டியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

டீச்சரின் வீடு ஏரியைப் பார்த்தபடி இருந்தது. கால் வைத்தால் முகம் தெரிகிற டைல்ஸ். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போட வேண்டிய உடையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தார். மாலை வெயில் அதன் மேல் விழுந்தது. கேப்டன் வெளியே போயிருந்தார்.

"காரணம் கிடைச்சுதா?" என்றார் டீச்சர்.

"நீங்க உங்க வீட்டுக்காரர் கூடப் பறந்திருக்கீங்களா?"

எதற்குக் கேட்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் சொன்னார். சொல்லும்போது முகம் முதல் தடவையாக இளகியது. "ஒரே ஒரு தடவை. கல்யாணத்துக்கு முன்னாடி. எங்க வீட்ல யாருக்கும் இஷ்டம் இல்ல. எனக்கும் பாதி மனசுதான். மலைக்கு மேல எஞ்சின் நின்னுடுச்சு. அவர் பதறவே இல்ல, திரும்ப ஓட வெச்சுட்டார். நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். இறங்கினதும் கேட்டார், சரின்னுட்டேன். சாவு பக்கத்துல வந்து நின்னப்பக்கூட பதறாத மனுஷன்கூட எங்க வேணா போகலாம்னு தோணுச்சு. என் தம்பிதான் கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவான்."

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சார் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்.

"எஞ்சின் நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?"

"அருவி. மலையில ஒரு அருவி. அவர்தான் காட்டினார், வலது பக்கம்..." நிறுத்தினார். "ஏன்?"

சார் சொன்னார். பல் டாக்டர், மாட்டு டாக்டர், சிவப்பு லீவர், குழாயில் மிச்சம் இருக்கிற பெட்ரோல். கூட்டாமல் குறைக்காமல், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சொன்னார். டீச்சர் கைக்குட்டையை மடிக்கவில்லை.

"இல்ல. அவருக்குக் காது கூர்மை. சத்தத்துலயே தெரிஞ்சுடும் அவருக்கு. அதனாலதான் முன்னாடியே சொல்றார்."

"சத்தத்துல தெரிஞ்சவர் உடனே ரன்வே பக்கம் திரும்பணும். இவர் அருவி காட்டறார்."

டீச்சர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார்.

"உங்க தம்பி கடைசியா எப்போ பேசினார்?" என்றார் சார்.

"மேல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதுல ஒண்ணும் இல்ல. அவன் குரல் மட்டும்தான் இருக்கு." போனைக் கையால் மூடிக்கொண்டார். "போலீஸ்கிட்டகூடக் கொடுக்கல. தினமும் கேப்பேன். அவன் சிரிக்கிற இடத்தோட நிறுத்திடுவேன். அதுக்கு மேல கேட்டதில்ல."

"இன்னைக்குக் கடைசி வரைக்கும் கேளுங்க. உங்க தம்பியை விட்டுடுங்க. அவர் பின்னாடி கேக்குற குரலை மட்டும் கேளுங்க."

டீச்சர் போனை மேஜைமேல் வைத்து விரலால் தொட்டார். எஞ்சின் இரைச்சல் அந்த ஹாலை நிறைத்தது. அதற்குள்ளிருந்து ஒரு பையனின் குரல் வந்தது.

"அக்கா, மேல இருந்து பேசறேன், கேக்குதா? மாமா வலது பக்கம் பாருன்னார், பாத்தா நம்ம வீடு. மொட்டை மாடியில உன் துணியெல்லாம் காயுது. மேகம் ரொம்பக் கீழ வந்துடுச்சு, மழை வரும் போல. போய் எடுத்துடு."

பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு குரல். நிதானமான குரல். "பயப்படாதே மச்சான். நான் இருக்கேன்ல."

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி சிரித்தான். "நான் எதுக்கு மாமா பயப்படணும்?"

டீச்சரின் விரல் பழக்கத்தில் போன் பக்கம் போனது. பாதியில் நின்றது. அவர் நிறுத்தவில்லை. எஞ்சின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. காற்றுச் சத்தம் கேட்டது. "மாமா?" என்றான் தம்பி. அத்துடன் முடிந்தது.

வாசலில் கார் வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கேப்டன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு சின்னத் தலையாட்டல். மனைவியின் வெளிறிய முகத்தைப் பார்த்துவிட்டு நேராக அவரிடம் போய்த் தோளில் கை வைத்தார்.

"என்ன, நாளைக்குக் கோர்ட்டை நினைச்சுக் கலங்கிட்டு இருக்கியா? பயப்படாதே. நான் இருக்கேன்ல."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நான் எதுக்குங்க பயப்படணும்?"

அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்பது கேப்டனுக்கு உடனே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை தோளிலிருந்து தானாக இறங்கியது. மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பயன்? நான் அவரை எரித்துவிடுவது போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்றார் கேப்டன். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. "ஒரு விளையாட்டு. அவ்வளவுதான். இறங்கினதும் எல்லாரும் சந்தோஷமாத்தான் போவாங்க. வேணும்னா கேட்டுப் பாரு."

"என் தம்பி?"

"அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான்." குரல் உடைந்தது. ஆனால் அது துக்கத்தில் உடைந்த குரல் இல்லை, அவமானத்தில் உடைந்தது. "சாப்பாட்டு மேஜையில, எல்லார் முன்னாடியும், 'எல்லாருக்கும் நிக்குதே மாமா, எனக்கும் நிக்குமா'ன்னு கேட்டான். நீயும் சிரிச்சே. மேகம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பண்ணணும்னு நினைக்கிறே? சிரிச்சுட்டுப் போகட்டும்னு விடணுமா?"

 டீச்சர் நாற்காலியில் தொங்கிய உடையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டார். சாரிடம், "உங்க வண்டியில என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். கேப்டன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் காதில் விழவில்லை.

காரில் டீச்சர் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.  கரையில் இறக்கை முறிந்த விமானம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மெக்கானிக்கோட பொண்டாட்டி ஜெயில் வாசல்ல நிக்கிறாளாமே" என்றார்.

"சட்டையோட நிக்கிறா" என்றேன்.

"ஸ்டேஷன்ல இதைக் கொடுத்துட்டு அங்க போகலாம். நாளைக்குக் கோர்ட்ல நான் என்ன சொல்லப் போறேன்னு அவகிட்ட நானே சொல்லணும்."

சார் சரி என்றார். எனக்கு வாய் வரவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றால், எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தையெல்லாம் அந்த ஆள் கெடுத்து வைத்திருந்தான்.

டீச்சர் மடியில் இருந்த தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு மலை மேல எஞ்சின் திரும்ப ஓடினதும் நான் அவரோட வலது கையைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குப் பக்கத்துல இருந்தது அந்தக் கைதான்." கையை மடக்கிக்கொண்டார். "இறங்குற வரைக்கும் விடவே இல்ல. லீவரைத் திருப்பின கை."

சார் ஸ்டேஷன் ரோட்டில் வண்டியைத் திருப்பினார்.